வீட்டு மூச்சு

வீட்டில் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால், "என்னையக் கேக்காதீங்க, பெட்டியக் கேளுங்க" என்று நான் கிண்டலாகச் சொல்லிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. கேட்டவர்களும் சிரிப்பார்கள். இப்போது அந்தக் கேள்வியை யார் கேட்டாலும் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

பவளம் வளர்க்கும் தொட்டி வந்தது போன நவம்பரில். எட்டடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டரை அடி உயரம். கண்ணாடியும் கல்லும் தண்ணீருமாக இரண்டு டன் எடை. அதைத் தாங்க ஹால் தரையைத் தோண்டிக் கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டார்கள். என் கல்யாண சோபா வராந்தாவுக்குப் போய்விட்டது. என் வீட்டுக்காரர் லூசியன், தொட்டியின் நான்கு மூலையிலும் மட்டம் பார்த்துக்கொண்டே, "ஒரு நூல் சாஞ்சாலும் கண்ணாடி விட்டுரும் ஜெனோ" என்றார். எங்கள் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டபோது கூட அந்த மனிதர் இவ்வளவு கவலைப்படவில்லை.

கடல் தெருமுனையில் கிடக்க, வீட்டுக்குள் டிரம் டிரம்மாக உப்புக் கரைத்துக் கடல் செய்கிற கூத்து அது. சிரிக்கவும் முடியாது. வெளியே இருந்த கடல் சூடேறி, மன்னார் வளைகுடாவில் பவளம் என்று எதுவும் மிச்சமில்லை. கடைசியாகப் பிழைத்த துண்டுகளை அரசாங்கம் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தது. கடல் ஆறும் வரை வளர்த்துக் கொடுக்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது மான்கொம்புப் பவளம். அந்த வகையில் உயிரோடு இருந்தது அது ஒன்றுதான்.

கல்லை அடுக்கி, மணலைப் பரப்பி, தண்ணீர் நிரப்பிய பிறகு ஆறு வாரம் வெறும் தொட்டி. தண்ணீர் பழக வேண்டுமாம். கண்ணாடியெல்லாம் பழுப்பாகப் பாசி பிடித்தது. லூசியன் தினமும் விரல் நீளக் குப்பிகளில் தண்ணீர் எடுத்துச் சொட்டு மருந்து விட்டு, நிறம் மாறுகிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். அவர் குடும்பம் மூன்று தலைமுறைக்கு முன் கடலில் பவளக்கல்லைத் தோண்டிச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக விற்ற குடும்பம். "எங்க ஆளுக எரிச்சத நான் ஒரு கொம்பாவது வளத்துக் குடுக்கணும்" என்பார். அதைச் சொல்லும்போது அவர் குரல் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிற குரல் மாதிரி இருக்கும். எனக்கு அப்போது அவர்மேல் பிரியம் பொங்கும்.

ஆறு வாரம் கழித்துப் பவளத் திட்ட அதிகாரி வடிவு மேடம் வந்தார். கையகலத் திரையுள்ள ஒரு சாம்பல் நிறப் பெட்டியைத் தொட்டிக்கு மேலே சுவரில் மாட்டினார். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் என்பதால் என்னிடமே விளக்கினார்.

"டீச்சர், பவளத்துக்குச் சூடும் ஆகாது, புளிப்பும் ஆகாது. நாம விடுத மூச்சுல உள்ள கரியமில வாயு தண்ணில கரைஞ்சா தண்ணி புளிச்சிரும்."

"அப்ப சன்னலத் தெறந்து வெச்சாப் போச்சு."

"கோடையில வெளிய நாப்பத்தெட்டு டிகிரி அடிக்கும். தெறந்தா தொட்டி வெந்துரும்லா. அதுக்குத்தான் இந்தப் பெட்டி. தண்ணி எவ்வளவு புளிக்குன்னு பாத்து, வீட்டுல எத்தன பேரு மூச்சு விடுதாங்கன்னு இது எண்ணிரும். அத்தன பேருக்கு வேண்டிய காத்த மட்டும் வெளிய இருந்து உள்ள விடும்."

தொட்டிக்கு அடியில், அலமாரிக்குள், நுரை அடிக்கும் கருவி ஒன்று இருந்தது. ஒரு குழாய் வழியாக வீட்டுக் காற்றை உறிஞ்சித் தண்ணீரில் நுரை கிளப்பி அழுக்கைப் பிரிப்பது அதன் வேலை. அந்தக் குழாய் வழியாகத்தான் எங்கள் மூச்சு பவளத்துக்குப் போகும் என்று காட்டினார். பெட்டிக்கு எங்களைத் தெரிவதும் அந்த வழியாகத்தான். பவளத்துக்கு உறைத்தால்தான் பெட்டிக்கு நாங்கள் உண்டு.

"வீட்டுல யாரும் இல்லன்னா?" என்றேன்.

"சன்னலுக்கு வெயில் மறைக்குத சூட்டுக் கதவையெல்லாம் எறக்கி, வாசலையும் பூட்டிக்கிடும். வெளிக்காத்த நிறுத்திரும். அந்த நேரம் பாத்து இந்தக் கல்லு கரைக்கிற உருளைய முழு வேகத்துல ஓட்டும். பழைய பவளத் துண்டுகள வாயு விட்டுக் கரைச்சாத்தான் புதுப் பவளத்துக்குச் சத்து. அந்த வாயு வீட்டுக்குள்ள பரவும், அதனால ஆள் இருக்கையில ஓட்டாது. நீங்க வாரதுக்குள்ள வீட்டக் காத்தாட விட்டுரும். பயப்படாதீங்க."

கடைசியாக ஒன்று சொன்னார். பெட்டி 'வீட்டு மூச்சு' என்று காட்டும் ஆள் கணக்கு இரண்டரையைத் தாண்டக் கூடாது. பத்து நாள் சேர்ந்தாற்போல் தாண்டினால் தொட்டியை வேறு வீட்டுக்கு மாற்றிவிடுவார்கள். மாற்றும்போது மான்கொம்பு பிழைக்காது. நாங்கள் இரண்டே பேர்தானே என்று லூசியன் கையெழுத்துப் போட்டார். எனக்கும் அதில் தப்பு தெரியவில்லை. கல்யாணமாகி ஒன்பது வருடம். இரண்டு முறை வயிற்றில் தங்கிய பிள்ளை மூன்றாம் மாதத்தில் போய்விட்டது. மூன்றாவது ஆளை நாங்கள் எதிர்பார்ப்பதை விட்டிருந்தோம்.

திரையில் வீட்டு மூச்சு 2.0 என்று மாதக்கணக்கில் அசையாமல் நின்றது. ஒரு சனிக்கிழமை 2.1 ஆனது.

ஞாயிறும் 2.1. எங்களைத் தவிர வேறு எதுவோ வீட்டுக்குள் மூச்சு விடுகிறது என்ற நினைப்பே எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பூனை புகுந்திருக்குமோ என்று கட்டிலுக்கு அடியில், பரணில், குளிர் எந்திரத்துக்குப் பின்னால் எல்லாம் தேடினோம். ஒன்றுமில்லை. யாரோ பின்னால் நிற்கிற மாதிரியே இருந்தது. திங்கட்கிழமை வடிவு மேடத்துக்குப் போன் போட்டேன். அவர் கொஞ்சம் தயங்கி, "டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. நாள் தள்ளிப் போயிருக்கா?" என்றார்.

ஆமாம், தள்ளித்தான் போயிருந்தது. நான்தான் ஆசைப்பட்டு ஏமாறக் கூடாதென்று எண்ணாமல் விட்டிருந்தேன். வயிற்றில் பிள்ளை நின்றதும் தாயின் மூச்சு கூடுமாம். எனக்குத் தெரியும் முன்னால் பவளத்துக்குத் தெரிந்துவிட்டது. அன்று லூசியன் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். முன்பு கிண்டல் செய்த பெட்டியைத் தினமும் காலையில் போய்க் கும்பிடாத குறையாகப் பார்க்க ஆரம்பித்தேன். 2.2. மூன்றாம் மாதம் தாண்டியது. 2.3. ஐந்தாம் மாத முடிவில் 2.4.

வடிவு மேடம் ஆய்வுக்கு வந்தபோது திரையைப் பார்த்துவிட்டு, "ஏழாம் மாசம் வளைகாப்பு முடிஞ்சு அம்மா வீட்டுக்குத்தான போவீங்க டீச்சர்? அது வரைக்கும் தாங்கும்" என்றார்.

"பொறந்த பெறகு?"

அவர் காகிதங்களைப் பைக்குள் வைத்தார். "கொஞ்ச நாள் அங்கயே இருந்து பாக்கலாமே. கடல் ஆறுனதும் தொட்டிய நாங்க எடுத்துக்கிடுவோம்."

கடல் எப்போது ஆறும் என்று நான் கேட்கவில்லை. லூசியன் ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். அவர் மான்கொம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நுனிகள் லேசாக வெளுத்திருந்தன.

அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை எழுந்து வந்து பார்த்தால் திரையில் 2.0.

முதல் இரண்டு முறை நடந்ததெல்லாம் கண்முன்னால் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதேன். லூசியன் அழவில்லை. "ஒன்னும் ஆயிருக்காது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தைரியமான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். டாக்டரம்மா கருவியை வைத்ததும் இதயத் துடிப்பு ஓடுகிற குதிரை மாதிரிக் கேட்டது. "பிள்ள ஜம்முன்னு இருக்கு. யாரு சொன்னா இல்லன்னு?" என்று திட்டினார். மீன் தொட்டி சொன்னது என்று எப்படிச் சொல்வது?

"கருவி கோளாறு. சரி பண்ணச் சொல்லுதேன்" என்றார் லூசியன். அதன் பிறகும் அது 2.0 என்றேதான் காட்டியது. நான் பார்ப்பதை விட்டுவிட்டேன். பவள நுனிகளில் நிறம் திரும்பியிருந்தது.

ஆறாம் மாதம் முடியப்போகும்போது விடுப்பு எடுத்தேன். அதுவரை இருவரும் ஒரே வண்டியில் காலையில் கிளம்பி, மாலையில் ஒன்றாகத்தான் திரும்புவோம். அவருக்குக் கடல்நீர் சுத்திகரிக்கும் ஆலையில் வேலை. விடுப்பின் முதல் நாள் அவர் தொட்டிக்கு அடியில் குனிந்து ஏதோ செய்துவிட்டு, கையை உதறிக்கொண்டு, "சாயங்காலம் வாரேன், நல்லா ஒறங்கு" என்று கிளம்பினார். வீட்டில் பகலில் நான் தனியாக இருப்பது தொட்டி வந்த பிறகு அதுதான் முதல் முறை.

பதினொரு மணிக்குச் சூட்டுக் கதவுகள் இறங்கின. வெயில் ஏறியதும் இறங்கும் போல என்று இருந்தேன். தயிர்ச் சோறு சாப்பிட்டுப் படுத்தேன். எழுந்தபோது தலை இரண்டாகப் பிளக்கிற வலி. மூச்சு வாங்கியது. மலை ஏறி வந்தவளைப் போல வாய் திறந்து மூச்சு விட்டேன், போதவில்லை. மணி இரண்டேகால். காபி குடித்தால் தீரும் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். உருளை முழு வேகத்தில் ஓடும் சத்தம் கேட்டது.

திரையில் வீட்டு மூச்சு 0.0.

கொஞ்ச நேரம் எனக்கு அது புரியவில்லை. பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு, நான் நிற்கிறேனா என்று என் காலைக் குனிந்து பார்த்தேன். பிறகு பயம் வந்தது. அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன் அறிந்ததில்லை. ஓட முடியவில்லை, நடந்துதான் வாசல் கதவுக்குப் போனேன். கைப்பிடி சும்மா சுற்றியது. பெட்டியிலிருந்து ஒரு பெண் குரல் நிதானமாகச் சொன்னது: "வீட்டில் யாரும் இல்லை. கதவு பாதுகாப்பாகப் பூட்டப்பட்டுள்ளது."

"நான் இருக்கேன்!" என்று கத்தினேன். "ரெண்டு பேரு இருக்கோம்!"

அதற்குக் காது கிடையாது. கதவைத் தட்டினேன். வெளியே அந்த வெயிலில் தெருவில் யார் நடப்பார்கள்? மெயினை அணைத்தாலும் பயனில்லை, பெட்டிக்குத் தனியாக மூன்று நாள் பேட்டரி. கண் இருட்டிக்கொண்டு வந்தது. கதவோரம் உட்கார்ந்து லூசியனுக்குப் போன் போட்டேன். நான்காவது முறை எடுத்தார்.

"ஏங்க, கதவு தெறக்கல. பூஜ்யம் காட்டுது. தல வெடிக்கு."

எப்படி, ஏன் என்று அவர் கேட்கவே இல்லை.

"ஜெனோ, கேளு. தொட்டிக்கு அடியில அலமாரியத் தெற. நுரைக் குழாயோட வாயில ஒரு வெள்ள டப்பா மாட்டிருக்கும். அதப் புடுங்கி எறி. குழாய வாயில வெச்சு ஊது."

"என்ன டப்பா?"

"சுண்ணாம்பு. பெறவு சொல்லுதேன், மாதாவே... ஊது ஏட்டி, நிறுத்தாம ஊது! இருபது நிமிசத்துல வந்துருதேன்."

ஹால் முழுக்கத் தவழ்ந்தேன். வயிறு தரையில் இடிக்காமல் இருக்கப் பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து போனேன். அலமாரியைத் திறந்தால் அவர் சொன்னபடியே டப்பா இருந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புக் குருணை, புதிதாக நிரப்பியது. பிடுங்கியதில் அது தரையெங்கும் சிதறியது. குழாயை வாயில் வைத்து ஊதினேன்.

0.0.

ஊதினேன். ஒவ்வொரு ஊதலுக்கும் கண்ணில் பூச்சி பறந்தது. உள்ளே மூச்சு வாங்கும்போது நெஞ்சு எரிந்தது. என் பிள்ளைக்குப் போக வேண்டிய மூச்சை நான் தொட்டிக்குள் ஊதிக்கொண்டிருக்கிறேன் என்ற நினைப்பு வேறு கொன்றது. தலைக்கு மேலே கண்ணாடியில் மான்கொம்பு தெரிந்தது. நுனிகளில் பூப்போல விரிந்திருந்ததெல்லாம் ஒவ்வொன்றாகச் சுருங்கி உள்ளே போயின. சாவுடி, செத்தாலும் பரவாயில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே ஊதினேன். உலகத்தில் அது ஒன்றுதான் மிச்சம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

0.0. மறுபடியும் 0.0. பிறகு திடீரென்று 1.0. அப்புறம் 3.0. அப்புறம் 5.0.

"வீட்டில் அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் ஆட்கள் உள்ளனர்" என்றது குரல். உருளை நின்றது. சூட்டுக் கதவுகள் கடகடவென்று ஏறின. அடுப்பு வாயைத் திறந்த மாதிரி வெக்கை உள்ளே பாய்ந்தது. அந்த நெருப்புக் காற்றை நான் இளநீர் குடிக்கிற மாதிரிக் குடித்தேன்.

லூசியன் வந்தபோது வாசல் கதவு திறந்து கிடந்தது. நான் நடையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். வேர்த்து விறுவிறுத்து என் பக்கத்தில் மண்டியிட்டு, என் முகத்தைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். "வடிவு மேடத்துக்கும் போன் போட்டேன். ஆளே இல்லன்னுதான காட்டுது சார், பவளம் ரொம்ப நல்லா இருக்கேன்னு சொல்லுதாங்க" என்று அழுதார். அவர் தோளுக்கு மேலே எனக்குத் திரை தெரிந்தது. வீட்டுக் காற்று ஆறி எண்ணிக்கை இறங்கிக்கொண்டிருந்தது. அவர் வரும் முன் 1.0. இப்போது 2.0.

சுண்ணாம்பு தரையில் கிடக்கிறது. இப்போது எதுவும் மறைக்கவில்லை. பின் எங்கே அந்தப் புள்ளி நாலு?

"பிள்ள போயிட்டுங்க" என்றேன். "பாருங்க, ரெண்டுதான் இருக்கு. பிள்ள போயிட்டு."

"இல்ல, இல்ல ஜெனோ. அது வந்து..."

அப்போது விலா எலும்புக்குக் கீழே ஒரு உதை விழுந்தது. இன்னொன்று. அன்றுவரை பட்டதிலேயே பலமான உதை. நான் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பெட்டி 2.0 என்றே காட்டியது. வயிற்றில் உதை விழுந்துகொண்டே இருந்தது.

"அது வந்து, என்ன?" என்றேன்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ரெண்டரையத் தாண்டிட்டா தொட்டிய எடுத்துருவாங்க. ஒன்னையும் அனுப்ப மனசு வரல. சர்வீசுக்கு வந்த ஆளுகிட்ட, முழு ஆளுக்குக் கீழ உள்ளத எண்ணாத மாதிரி மாத்திக் குடுன்னு கேட்டேன். மாத்திட்டான். அப்பமும் தண்ணி புளிச்சிக்கிட்டே இருந்துச்சு, நுனியெல்லாம் வெளுத்துச்சு. அதான் சுண்ணாம்பு. மூச்சுல உள்ளத அது குடிச்சிரும். பழசு கொஞ்சந்தான் குடிக்கும், இன்னைக்குப் புதுச் சுண்ணாம்பு, அரை ஆள் மூச்சக் குடிச்சிட்டு. ரெண்டு பேருக்குத்தான் கணக்கு போட்டுப் பாத்தேன். நீ தனியா இருந்தா என்ன வரும்னு பாக்கல."

கணக்கு வாத்தியாருக்கு அதைப் போட எவ்வளவு நேரம் ஆகும்? ஒன்று புள்ளி நாலில் அரை போனால் புள்ளி ஒன்பது. நான் முக்காலே மூணு வீசம் ஆளாக அந்த வீட்டில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். பெட்டி அதை உதறிவிட்டுப் பூஜ்யம் என்று எழுதிக்கொண்டது. அது பெட்டியின் தப்பில்லை. அப்படித்தான் அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தது.

"அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனோமே," என்றேன். "நான் அழுதுக்கிட்டே வந்தேனே. அப்ப ஒங்களுக்குத் தெரியும்."

அவர் முகத்து வேர்வையைத் துடைத்தார்.

"வழியெல்லாம் தெரிஞ்சிருந்திருக்கு."

"நீ பயந்துருவேன்னு..." என்று தொடங்கி, தான் சொல்வது தனக்கே கேட்டு, நிறுத்திக்கொண்டார். தூரத்தில் ஆம்புலன்ஸ் சத்தம் வந்தது. தொட்டிக்குள் மான்கொம்பு ஒரு கொம்பாக மெல்ல மறுபடியும் விரியத் தொடங்கியிருந்தது. அது சாகவில்லை. கோபம் இருந்ததே தவிர, அது பிழைத்ததில் எனக்கு வருத்தமில்லை. அது யாரையும் எண்ணவுமில்லை, எண்ணாமல் விடவுமில்லை.

எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டியிருந்தது. அதை வைத்துத்தான் நான் ஆஸ்பத்திரியிலிருந்து எந்த வீட்டுக்குத் திரும்புவது என்று முடிவு செய்ய இருந்தேன். அவர் கையை எடுத்து என் வயிற்றில் வைத்தேன். பிள்ளை உதைத்தது. அவருக்கும் தெரிந்தது, விரல்கள் துள்ளின.

"சொல்லுங்க," என்றேன். "இந்த வீட்டுல எத்தன பேரு?"

அவர் வாயைத் திறந்தார். பதில் சொல்வதற்கு முன்னால் திரும்பிப் பெட்டியைப் பார்த்தார்.